முளை எண் பதினேழு

மஞ்சக்குப்பத்தில், ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே
புங்கமரத்தடியில் என் மேசை.
மனு ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.
ஆட்சேபணை என்றால் ஐம்பது; அதில் கட்டங்கள் அதிகம்.

திங்கட்கிழமை. சேத்தியாத்தோப்பு பஸ்ஸின் புழுதியோடு
செஞ்சியம்மா வந்தாள்.
உட்காரச் சொன்னேன். நின்றபடியே சொன்னாள்:
"எங்க ஏரிக்கரையில ஓட்ட போடறாங்க.
வேணாம்னு எழுது."

பெயர். எழுதினேன்.
கணவர் பெயர், காத்தவராயன். எழுதினேன்.
சர்வே எண்?
சிரித்தாள்.
பட்டா எண்?
அதற்குச் சிரிக்கவில்லை.

ஏரிப் புறம்போக்கு, பதினோரு குடிசை.
சாதிச் சான்று கேட்டுப் போனபோது
"நெசமாவே இருளர்னா ஒரு பாம்ப புடிச்சிக் காட்டு"
என்றானாம் ஒருவன்.
அது நாலு வருஷத்துக்கு முன்.
சான்று இன்னும் வரவில்லை.

"முளை அடிச்சாங்க, செவப்புத் துணி கட்டினாங்க,
கன்னியம்மா புத்துக்கு மூணடி தள்ளி.
கேட்டா, தோண்ட இல்லம்மா, சும்மா பாக்கத்தான்ங்கறான்.
வயல்ல எலி வளை தோண்டறவ சார் நானு.
பாக்கறதுக்கு எவனாச்சும் மம்புட்டியோட வருவானா?
எலி கூட ரெண்டு வழி வைக்கும்.
பொகை போட்டா ஓடறதுக்கு ஒண்ணு,
மேல மெல்லிசா மண்ணு மூடி.
எங்களுக்கு அந்த ரெண்டாவது வழி
எந்தப் பக்கம்னு அவன் மேப்புல இருக்குதா?"

நான் எழுதினேன்:
'மாற்று இடம் குறித்துத் தகவல் ஏதும் வழங்கப்படவில்லை.'

"கொழா கொழாயா மண்ண உருவி
தகரப் பெட்டியில படுக்க வச்சிருக்கான்.
களிமண்ணு, வெள்ள மணலு, கடைசியில பழுப்பா
மக்கிப்போன மரமாட்டம் ஒண்ணு.
அதைப் பாத்துதான் எல்லாரும் கை குலுக்கிக்கினாங்க.
ஒவ்வொரு துண்டுக்கும் மஞ்ச பெயிண்ட்டுல
எந்த எடம், எத்தனாவது மீட்டரு, என்னிக்கு எடுத்ததுன்னு.
மண்ணுக்கெல்லாம் வெலாசம் இருக்குது சார்."

'இருப்பிடச் சான்று இணைக்கப்படவில்லை'
என்று எழுதவேண்டிய வரி அது.
பேனாவை மூடிவைத்துவிட்டு டீ சொன்னேன்.

டீ வருவதற்குள், கேட்காமலே சொன்னாள்.
மழை விட்ட ஒரு ராத்திரி
பொறியாளர் கூடாரத்தில் நல்லபாம்பு,
கட்டிலுக்கு அடியில்.
டார்ச்சோடு இரண்டு பேர்
இருட்டில், சேற்றில், ஒருவரையும் வழி கேட்காமல்
நேரே அவர்கள் வாசலுக்கு ஓடிவந்து
"காத்தவராயா! காத்தவராயா!"
போனான். பிடித்தான். ஏரிக்கு அந்தப் புறம் விட்டுவந்தான்.
முந்நூறு ரூபாய்.
கணக்குக்கு வேண்டுமென்று கைநாட்டும் வாங்கினார்கள்.

"எதில்?" என்றேன்.

சுருக்குப் பையிலிருந்து எடுத்தாள்.
வெற்றிலைக் காம்பின் வாசனையோடு
எட்டாய் மடித்த இளஞ்சிவப்பு வவுச்சர், கார்பன் பிரதி:
'பாம்பு பிடித்த கூலி. காத்தவராயன், இருளர்.
ஏரிக்கரைக் குடியிருப்பு, முளை எண் 17 அருகில்.'
கீழே அவர்களுடைய முத்திரை, அவர்களுடைய கையெழுத்து.

இருபத்திரண்டு வருஷமாய் மனு எழுதுகிறேன்.
வட்டாட்சியர் தராத இரண்டையும்
ஒரு பாம்பு வாங்கித் தந்ததை
அன்றுதான் பார்த்தேன்.

இணைப்பு ஒன்று, எழுதினேன்.
சர்வே எண் கட்டத்தில் அவள் சொன்னபடியே
'முளை 17'.
படித்துக் காட்டியபோது ஓரிடத்தில் நிறுத்தினாள்.
"கருணை கூர்ந்து, அது எதுக்கு?"
வழக்கமாய்ப் போடுவது, என்றேன்.
"அடி அதை."
அடித்தேன். அடித்தலோடேயே கொடுத்தாள்.

தபால் பிரிவில், வவுச்சர் பட்டியலில் இல்லாத ஆவணம் என்றார்களாம்.
நகரவில்லை இவள். பின்னால் வரிசை வளர்ந்தது.
கடைசியில் ஒரு முத்திரை, சாய்வாக.

ஒப்புகைச் சீட்டை வவுச்சரின் மடிப்பு மேலேயே மடித்தபடி
கேட்டாள், பதில் எப்போ வரும்?
முப்பது நாள், என்றேன்.

"அதுக்குள்ள அது
எத்தன அடி போவும்?"